வரியைத் தொட்டுக் காட்டு



இலக்கியத் தொடரொன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கிரகித்தற் பாடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். காப்பியத்தை நயப்பது பெரியவர்களின் காரியம், பந்தியை வாசித்து ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுவது பிள்ளைகளின் காரியம் என்று இரண்டையும் நாம் வெவ்வேறு அறைகளில் வைத்துவிட்டோம். ஆயினும் சங்கப் பாடலொன்றின் உள்ளுறையை உணரும் அறிஞரும், பந்தியொன்றிற் சொல்லாமல் விடப்பட்ட செய்தியைக் கண்டுபிடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்வது ஒரே வேலைதான். சொல்லியிருப்பதைக் கொண்டு சொல்லாததை அறிகிறார்கள். இதற்குத் தமிழில் உய்த்துணர்தல் என்று பெயர். இதிலே பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டால் வழுக்கமாட்டார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மட்டக்களப்பு வாவியோரத்து இந்துக் கல்லூரியொன்றில் நான் தமிழ் கற்பிக்கிறேன். தரம் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் ஒரு வினாவைக் கேட்டால் பல கைகள் உயரும். விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்ததாக, “அது பந்தியில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் உயர்ந்த கைகளிற் பாதி இறங்கிவிடும். “சும்மா தெரியும் சேர்” என்பான் ஒருவன். “அப்பிடித்தானே இருக்கும்” என்பாள் இன்னொருத்தி. இந்தச் ‘சும்மா தெரியும்’ என்பதற்கும் உய்த்துணர்தலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பிப்பதுதான் எங்கள் வேலை. வெறும் ஊகத்துக்குச் சான்று தேவையில்லை. உய்த்துணர்வுக்குச் சான்று வேண்டும். விரலை வைத்துக் காட்டக்கூடிய ஒரு வரி, ஒரு சொல், சில வேளை ஓர் எழுத்தாவது வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, வகுப்பிற் பயன்படுத்துவதற்காக நானே எழுதிய ஒரு சிறு பந்தியைத் தருகிறேன்.

‘விடியற்புறம் வாவிக்குப் போன அப்பா வெயில் ஏறிய பிறகு திரும்பினார். பறியைத் தலையிற் கவிழ்த்திருந்தார். வலையை வேலியில் உதறிப் போட்டார். அவருடைய காலைச் சுற்றி வந்த பூனை சற்று நேரத்தில் விலகிப் போயிற்று. அம்மா இன்றும் ஒன்றும் கேட்கவில்லை. கரைத்து வைத்திருந்த புளியை மூடி ஒரு பக்கமாக வைத்தாள். தேங்காய் இருக்கிறது, சம்பல் அரைக்கிறேன் என்றாள்.’

முதல் வினா, அப்பா எப்போது திரும்பினார் என்பது. விடை பந்தியிலேயே இருக்கிறது; எடுத்து எழுதினாற் போதும். இரண்டாவது வினா, அன்று மீன் பட்டதா என்பது. இதற்கு நேர்விடை பந்தியில் எங்கும் இல்லை. ஆனாலும் வகுப்பு முழுவதும் “இல்லை” என்று ஒரே குரலிற் சொல்லும். எங்கே என்று கேட்டதும் தேடல் தொடங்கும். ஒருத்தி பறியைக் காட்டுவாள். இன்னொருவன் பூனையைக் காட்டுவான். மூன்றாமவள் மூடி வைத்த புளியைக் காட்டுவாள். ஒரு முடிவுக்கு மூன்று சான்றுகள் கிடைத்துவிட்டன.

இங்கேயே ஒரு பையன் எழுந்து, “மழை பெஞ்சிருக்கு சேர், அதுதான் பறியைத் தலையில போட்டிருக்கார்” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதிற் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவனும் ஒரு வரியைத் தொட்டுத்தான் காட்டினான். பறியைத் தலையிற் கவிழ்ப்பது மழைக்கும் பொருந்தும், வெயிலுக்கும் பொருந்தும். ஆனால் முதல் வாக்கியத்தில் ‘வெயில் ஏறிய பிறகு’ என்று இருக்கிறது. ஆகவே அவனுடைய முடிவு நிற்கவில்லை. ஒரு வரி துணை நிற்பது மட்டும் போதாது, வேறொரு வரி எதிர்த்து நிற்காமலும் இருக்க வேண்டும் என்பதை அன்று அவனால் வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது.

மூன்றாவது வினாதான் கடினமானது. அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை? பலர் “கோபம்” என்றார்கள். வாய் திறக்காத அம்மாவைப் பிள்ளைகள் அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள் போலும். சிலர் “கவலை” என்றார்கள். அப்போது பின்வாங்கில் இருக்கும் ஒரு மாணவன், கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்து வரிக்கு மேல் எழுதாதவன், மெதுவாகச் சொன்னான்: “சேர், ‘இன்றும்’ எண்டு கிடக்கு. அப்ப நேத்தும் கேக்கல்லதானே.”

“எங்க மனே, தொட்டுக் காட்டு” என்றேன். ‘இன்றும்’ என்ற சொல்லின் கடைசியிலுள்ள ‘உம்’மிலே விரலை வைத்தான்.

நேயர்களே, நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லுகிறது. அவற்றுள் ஒன்று எச்சம். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் கொற்றனோ வேறொருவனோ வந்தமை அந்த ‘உம்’மாலே தழுவப்படுகிறது என்று இலக்கண வகுப்பிற் படித்திருப்பீர்கள். எச்சவும்மை என்று பெயரை மனனம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு, மறந்தும் போயிருப்பீர்கள். அந்த எச்சவும்மையை ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை, அதன் பெயரைக்கூடச் சொல்லாமல், கதைக்குள்ளே கண்டுபிடித்தான். அந்த ஓர் ‘உம்’ கதையின் காலத்தையே நீட்டிவிடுகிறது. நேற்றும் அம்மா கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு விளங்கியிருக்கிறது. நேற்றும் பறி கவிழ்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியிலே நான் வகுப்பைச் சற்று நிறுத்தினேன். நேற்றும் கேட்கவில்லை என்பதை ‘உம்’ நேரே தருகிறது. நேற்றும் மீன் படவில்லை என்பது அதற்கு மேல் ஒரு படி. மூடி வைத்த புளியையும், சண்டை பிடிக்காமற் சம்பல் அரைக்கத் தொடங்கும் அம்மாவையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் படியில் ஏறலாம். ஆனால் அங்கே கொஞ்சம் மெதுவாகவே கால் வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கோபம் என்பதற்கோ, அவள் சட்டியை ஓசைப்பட வைத்தாள், முகத்தைத் திருப்பினாள் என்பது போன்ற ஒரு வரியும் பந்தியில் இல்லை.

எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதைக் காட்டத் தமிழிலே நல்ல படிக்கட்டு உண்டு. ‘மீன் படவில்லை’ என்பது உறுதி. ‘நேற்றும் படாதிருந்திருக்க வேண்டும்’ என்பது வலுவான கருத்து. ‘அம்மாவுக்கு இரக்கமாக இருக்கலாம்’ என்பது இயலக்கூடியது. ‘இரக்கம் போலும்’ என்பது இன்னும் தயக்கமானது. பிள்ளைகள் எல்லா முடிவையும் முதற்படியிலேயே நின்று சொல்லுகிறார்கள். சான்றின் வலுவுக்கு ஏற்ற வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினால், மொழிப் பயிற்சியும் சிந்தனைப் பயிற்சியும் ஒன்றாகவே நடந்துவிடும்.

சான்று காட்டிப் பொருள் கொள்ளும் முறை மேல்நாட்டிலிருந்து வந்த புதிய கற்பித்தல் முறை என்று சில ஆசிரிய நண்பர்கள் கருதுகிறார்கள். எங்கள் உரையாசிரியர்களை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மூலத்தில் ஒரு சொல்லை எடுத்துக்காட்டி, இவ்வாறு கூறினமையால் இன்னது பெறப்பட்டது என்று முடிப்பது அவர்களுடைய வழக்கம். ‘என்றமையால்’ என்பது சான்று. ‘பெறப்பட்டது’ என்பது முடிவு. ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டும் கட்டுண்டு கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வாக்கிய அச்சும் இதுதான்: ‘பறியைத் தலையிற் கவிழ்த்திருந்தார் என்று கூறியிருப்பதால், மீன் படவில்லை என்பது பெறப்படும்.’ தரம் 6 இற் படிக்கும் பிள்ளை இரண்டு கிழமையில் இதைப் பழகிவிடும். பழகிய பிறகு ‘சும்மா தெரியும்’ என்ற விடை தானாகவே குறைந்துவிடுகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டைத் தொகுத்துச் சொல்லும்போது இறுதியாக வைப்பது ‘உய்த்துணர வைப்பு’ என்பதை. சொல்லாமல் விடுவதும் நூலாசிரியனுக்கு ஓர் உத்தி என்று அவர் கண்டிருக்கிறார். வாசகன் அறிவுள்ளவன், வழியிற் போட்டுவைத்த அடையாளங்களைக் கண்டு வந்து சேருவான் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. எழுதியவன் போட்டுவைத்த அடையாளங்களைப் பாராமல், தன் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லிவிட்டு எழுந்து போகும் வாசகன் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறான் என்று சொல்ல முடியாது.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதைக்குச் சென்றால் இது இன்னும் தெளிவாகும். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விளக்கும் இடம் அது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அங்கே பேசப்படுகிறது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையிற் கண்டது போல என்பது திட்டாந்தம். எங்கள் பந்திக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மீன் படவில்லை என்பது பக்கம். பறி கவிழ்ந்திருந்தது என்பது ஏது. மீன் உள்ள பறியை யாரும் தலையிற் கவிழ்ப்பதில்லை என்ற உலக அனுபவம் திட்டாந்தத்தின் இடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் முதலாவதைச் சொல்லுவார்கள். சற்று வற்புறுத்தினால் இரண்டாவதையும் காட்டுவார்கள். மூன்றாவதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பார்கள். வரியையும் முடிவையும் இணைக்கும் பாலம் அந்த மூன்றாவதுதான். ஒரு வரியைப் பெயர்த்தெழுதி அதன் கீழே ஒரு முடிவை எழுதிவிட்டால் மட்டும் விடை முழுமையாகாது. இதிலிருந்து அது எப்படி வருகிறது என்பதையும் ஒரு வாக்கியத்திற் சொல்ல வேண்டும்.

உலக அனுபவம் துணை என்றேன். அதுவே சிலவேளை பகையாகவும் மாறிவிடும். இதற்கு எங்கள் வாவியிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 இல் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியிலிருந்து எழும் இசை போன்ற ஒலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, நிலவு எழுந்த பின் மீனவரோடு தோணியேறிப் போனார். 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் அதனை விவரித்திருக்கிறார். இப்பகுதியை எளிய தமிழில் எழுதி எட்டாம் வகுப்புக்கு வாசிக்கக் கொடுத்தேன். அதன் சாரம் இது. தோணி ஓரிடத்தில் நின்றபோது ஒலி கேட்டது. தோணி நகர நகர ஒலி கூடியும் குறைந்தும் வந்தது. சில இடங்களில் அறவே கேட்கவில்லை. முன்பு கேட்ட இடத்துக்குத் திரும்பி வந்ததும் மீண்டும் கேட்டது. மீனவர்களோ, ஒலி எழுப்புவது மீனன்று, ஊரி இனம் என்று சொல்லி, உயிருள்ள சில ஊரிகளைக் கொண்டுவந்து காட்டினர்.

‘ஒலி எதிலிருந்து வருகிறது என்று இதனை எழுதியவர் கருதுகிறார்?’ என்பது வினா. பெரும்பாலானோர் எழுதிய விடை, ‘மீன்’. ஏன் என்று கேட்டேன். “மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடுதானே சேர்!” தொட்டிலிற் கேட்ட புகழ்மொழி கண்முன்னே கிடந்த பந்தியை மூடிவிட்டது. பந்தியில் மீன் பாடுகிறது என்று ஒரு வரியும் இல்லை. எழுதியவர், ஒலியின் மூலம் இடம்பெயராதது என்ற முடிவுக்கு வருகிறார். ஏனெனில் மீன் நீந்தித் திரியும். அதே இடத்துக்குத் திரும்பியபோது அதே ஒலி கேட்டிருக்கிறது. ஊரியோ அடியில் ஓரிடத்திற் கிடப்பது. மீனவர் சொன்னதும் தாம் கண்டதும் ஒத்துப்போகின்றன என்று அவர் எழுதுகிறார். அவர் முடிவு உண்மையில் சரியா என்பது உயிரியலாளர் தீர்க்க வேண்டிய வினா. அவர் என்ன கருதினார், எதைக் கொண்டு கருதினார் என்பது வாசகன் தீர்க்க வேண்டிய வினா. இரண்டையும் வேறுபடுத்தத் தெரிவது வாசிப்பின் பெரிய பேறு. ஊர்ப்பற்றை விட்டுவிட வேண்டியதில்லை. பந்தியை வாசித்து முடிக்கும் வரையிலாவது அதைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

இதே வாவிக்கரையிலிருந்து, சான்று கொண்டு உய்த்துணர்தலின் உச்சத்தைத் தொட்ட ஒருவரையும் நாம் தந்திருக்கிறோம். காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அவருடைய காலத்தில் பண்டைய யாழ் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இசைக்கத் தெரிந்தவர் இல்லை. பார்க்க ஒரு கருவியும் இல்லை. இருந்தவை வரிகள் மட்டுமே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் தரும் வருணனைகள் ஆகிய இவற்றைக் கொண்டு யாழின் உறுப்புகளையும் நரம்புகளின் முறையையும் பாலைகளின் திரிபையும் கணித முறையாலே நிறுவினார். அதன் பயனாகிய யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அடிகள் மறைந்தார். அவர் 1929 இல் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலே, கல்லடி உப்போடையில், அவருடைய சமாதி இருக்கிறது.

அடிகளார் கையாண்ட வகைச் சான்றுகளில் ஒன்றிரண்டை நான் ஒன்பதாம் வகுப்பில் எடுத்துக்காட்டுவதுண்டு. பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. பத்தர் என்னும் அடிப்பகுதிக்கு மானின் குளம்பு பதிந்த சுவடும், மேலெழும் கோட்டுக்குத் தலை நிமிர்த்திய பாம்பும், துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணும் அங்கே உவமைகள். அந்த ஆணி எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு விடை சொல்ல ஒரு நிமிடமும் ஆகாது. “குண்டாக, சின்னதாக, வெளியில கொஞ்சம் துருத்திக்கொண்டு” என்பார்கள். நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்ப்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே அனுபவம் பந்தியை மூடவில்லை. அதற்கு விளக்குப் பிடிக்கிறது. உவமையும் சான்றுதான் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து அறிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது திவவு என்னும் உறுப்பு. அது கோட்டிலே வரிசையாக அமைந்தது. பெண்ணொருத்தியின் முன்கை வளைகளைப் போலத் தோன்றுவது. இவ்வளவை மட்டும் வாசித்தால், வீணையைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கு அது வீணையின் மெட்டு என்றே தோன்றும். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் பெரும்பாணாற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் இந்தத் திவவு நெகிழ்வது, இறுகுவது என்று அடை கொடுத்திருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையின் உவமை, குரங்கொன்று பாம்பைப் பிடித்திருப்பது. பிடிபட்ட பாம்பு குரங்கின் கையைச் சுற்றி நெகிழ்ந்தும் இறுகியும் கிடக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். மெட்டு நெகிழாது, இறுகாது. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஆகவே திவவு மெட்டாதல் கூடாது. நரம்பை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கட்டு ஆதல் வேண்டும். உரைகளும் அதனை வார்க்கட்டு என்றே கூறுகின்றன. யாழ் வேறு, வீணை வேறு என்ற பெரிய முடிவை நோக்கிச் செல்லும் வழியிலே, ‘நெகிழும், இறுகும்’ என்ற இரண்டு சிறு அடைகள் எவ்வளவு பாரத்தைத் தாங்கி நிற்கின்றன! பின்வாங்கு மாணவன் விரல் வைத்த ‘உம்’மும் இந்த அடைகளும் ஒரே இனம்.

வெளியுலகத்தையும் சற்றுப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் 2010 இல் வெளியிடப்பட்டுப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட மொழிப்பாடப் பொது நியமங்களில் இத்திறன் வாசிப்புக்குரிய முதலாவது நியமமாக வைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில், உய்த்துணர்ந்ததற்குப் பாடத்திலிருந்து சான்று காட்ட வேண்டும். ஏழாம் வகுப்பில், ஒன்றல்லப் பல சான்றுகள் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்பில், உள்ளவற்றுள் மிக வலுவானது எது என்று தேர்ந்து காட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு மூன்று படிகள். எங்கள் தரங்களுக்கும் இந்த ஏணி பொருந்தும் என்பது என் கருத்து. பறியும் பூனையும் புளியும் மூன்று சான்றுகள் என்று கண்டுபிடிப்பது ஏழாம் வகுப்பின் வேலை. அவற்றுள் எது வலியது? பூனை வேறு காரணத்தாலும் விலகிப் போகலாம். புளியை வேறு காரணத்தாலும் மூடலாம். கவிழ்ந்த பறிக்குள் மீன் இருக்க வழியே இல்லை. இவ்வாறு எடைபோடுவது எட்டாம் வகுப்பின் வேலை.

இதற்குத் தடையாக இருப்பது பிள்ளைகளின் அறிவுக்குறை என்று நான் நினைக்கவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் வாசித்து, வினா கேட்டு, விடை எழுதி, திருத்தியும் முடிக்க வேண்டிய அவசரம் ஒன்று. கடையில் விற்கும் வினாவிடைத் தொகுப்புகள் இன்னொன்று. அவற்றில் வினாவுக்கு எதிரே ஒரு விடை அச்சிட்டிருக்கும், வழி அச்சிட்டிருக்காது. அச்சிட்ட விடையோடு ஒத்தால் சரி, ஒவ்வாவிட்டால் பிழை என்று பழகிய பிள்ளைக்குப் பந்தியைத் திரும்பிப் பார்க்க என்ன தேவை? அதனால் என் வகுப்பில் இத்தகைய வினாவுக்கு மூன்று புள்ளிகள் வைத்து, முடிவுக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, இரண்டையும் தொடுக்கும் வாக்கியத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கிறேன். நான் எதிர்பாராத முடிவை ஒரு பிள்ளை எழுதி, அதற்கு வரியும் தொடுப்பும் காட்டினால் மூன்று புள்ளியும் உண்டு. நான் எதிர்பார்த்த முடிவையே எழுதி, வரியைக் காட்டாவிட்டால் ஒன்றுதான். தொடக்கத்திற் கெட்டித்தனமான பிள்ளைகள் முறையிட்டார்கள். இரண்டாம் தவணையில் அவர்களே பந்தியின் ஓரத்திற் பென்சிலாற் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இது மூன்று புள்ளிகளோடு முடிகிற காரியமும் அன்று. 2018 பெப்ரவரி இறுதியில், எங்கள் அயல் நகரமாகிய அம்பாறையில், உணவகமொன்றின் சாப்பாட்டிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டது என்று ஒரு கதை கிளம்பியது. சாப்பாட்டிற் கண்ட ஏதோ ஒரு கட்டி மட்டுமே ஆதாரம். அந்த இரவிலேயே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது, அது வெறும் மாக்கட்டி, மருந்து எதுவும் இல்லை என்று தெரிந்தது. கட்டியைக் கண்டது உண்மை. கட்டியிலிருந்து மருந்துக்குப் போன பாதையில் ஒரு படியும் இருக்கவில்லை. எங்கே, எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடிய சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்து, அவர்கள் சொல் எடுபட்டிருந்தால், அந்த இரவு வேறு விதமாகக் கழிந்திருக்கலாம். கிழக்கு மாகாணத்தில் வாழும் மூவினத்தவரும், வந்தது வராதது அறியாமல் ஓடவும் அடிக்கவும் வைத்த கதைகளை நிறையவே கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதில், ஒரு பந்தியின் முன்னே, சான்று கேட்கப் பழகாதவர் முப்பது வயதில், ஒரு கூட்டத்தின் நடுவே, திடீரென்று கேட்கப் போவதில்லை. தமிழ்ப் பாடத்தில் இந்த மூன்று புள்ளிகளை நான் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையிலேயே ஒரு செய்தியை எடுத்து, தலைப்பை மட்டும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். பிறகு செய்தியை முழுவதுமாக வாசிக்கச் சொல்லி, தான் நினைத்தது எந்த வரியில் இருக்கிறது, எந்த வரியில் இல்லை என்று தேடச் சொல்லுங்கள். ‘உம்’, ‘மட்டும்’, ‘கூட’, ‘மீண்டும்’, ‘என்று கூறப்படுகிறது’ ஆகிய சிறு சொற்களின் கீழே கோடிடச் சொல்லுங்கள். பிள்ளையின் முடிவு உங்களுடையதோடு ஒவ்வாதிருந்தாலும் உடனே மறுத்துவிடாதீர்கள். “எங்க மனே இருக்கு? வரியைத் தொட்டுக் காட்டு” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சிலவேளை பிள்ளை உங்களுக்குத் தெரியாத ஒரு வரியைத் தொட்டுக் காட்டும்.

அடுத்த வாரம், இந்த உம்மையையும் ஏனைய இடைச்சொற்களையும் சிறுகதை ஆசிரியர்கள் எவ்வாறு கையாளுகிறார்கள் என்பதை நோக்குவோம். அதுவரை விடைபெறுகிறேன். வணக்கம்.